தீபாவளிக்கு ஊருக்கு வர்றியா? மம்பட்டி எடுத்து வச்சிருக்கேன்

தம்பி, இந்தத் தடவை குடும்பத்தோட ஒரு வாரம் இருக்குற மாதிரி வர்றேன்னு சொல்லியிருக்க. சந்தோஷம். ஆனா டிவி முன்னாடி உட்கார்ந்து, கறிக்குழம்பும் இட்லியும் சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சுப் போறதுக்குன்னா அம்மாவுக்கு அடுப்படி வேலைதான் கூடும். ஓடு மாத்துறது, தென்னை, வாழை, வேலின்னு பெருமழைக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலையெல்லாம் சரியா இந்த லீவுலதான் வந்து நிக்கும். தீபாவளி வாரத்துல கூலிக்கு ஆள் கேட்டுப் பாரு, ஒருத்தரும் வரமாட்டாங்க. கனடாவுல இருக்கிற சித்தி மகளும் லீவுன்னா வீட்டு வேலைதான்னு சொல்றா. அங்க அக்டோபர் ரெண்டாவது திங்கள்கிழமை நன்றி நாள் லீவு. பல குடும்பங்கள் ஏரிக்கரை வீட்டுக்குப் போய் இலை கூட்டி, விறகு அடுக்கி, பனி விழுறதுக்குள்ள வீட்டைப் பூட்டி வைப்பாங்களாம். நமக்குப் பனி இல்ல, மழை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல டிக்கெட். சென்னை சென்ட்ரல்லேர்ந்து போடிக்கு 2023 ஜூன்லேர்ந்து ரயில் ஓடுது. வாரத்துல மூணு நாள்தான், அதனால அதுக்குத் தகுந்த மாதிரி லீவைப் போடு. முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. அன்னைக்குக் காலையிலயே உட்கார்ந்துடு. போடி வரைக்கும் போகாத, தேனியில இறங்கிக்கோ. மாமா வண்டியோட வந்து நிப்பாரு.

இப்ப சொல்றதுதான் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூணாவது வாரத்துல ஆரம்பிக்கும். நம்ம பக்கம் அது காலையில ஏமாத்தும். வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மழை எங்கேன்னு கேக்கத் தோணும். மதியத்துக்கு மேல மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வரும். 4 மணிக்கு இடியும் மின்னலுமா ஊத்தும். அதனால வெளிவேலை எல்லாம் காலை 6 மணிக்கு ஆரம்பிச்சு 11 மணிக்குள்ள. மதியம் சாப்பாடு, பேச்சு, தூக்கம். நீ சென்னைப் பழக்கத்துல 9 மணிக்கு எந்திரிச்சு, காபி குடிச்சு, பேப்பர் பார்த்துட்டு ஏணியைத் தேடினா அன்னைக்குப் பொழுது போச்சு. தீபாவளி அன்னைக்கு மட்டும் ஒரு வேலையும் வேண்டாம். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச உடம்போட கூரை ஏறக் கூடாது.

வந்த மறுநாள் ஓடு. பின்கட்டுல நாலஞ்சு சீமை ஓடு விரிசல் விட்டிருக்கு. ராத்திரி மழை பெஞ்சிருந்தா மறுநாள் காலையில வெயில் ஏறின பிறகு ஏறு. பாசி பிடிச்ச ஓடு ஈரத்துல வழுக்கும். ஓட்டோட நடுவுல மிதிக்காத, கீழ சட்டம் ஓடுற இடமாப் பார்த்துக் கால் வை. கூடுமானவரைக்கும் உள்பக்கத்துலேர்ந்தே ஏணி போட்டு, மேல் ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, உடைஞ்சதை உருவிட்டுப் புதுசைச் சொருகிடலாம். மொட்டை மாடித் தண்ணிக் குழாய் வாயில வேப்பஞ்சருகு அடைச்சிருக்கும், அதையும் கையோட எடுத்துடு.

தென்னைக்கு வர்றேன். பிள்ளைகளையும் கூட்டிக்கோ, ஏன்னா அவங்களுக்கு ஏத்த வேலை இங்கதான் இருக்கு. இளங்கன்றுல விரிஞ்ச மட்டையெல்லாம் கத்தரி வச்சு வெட்டின மாதிரி இருக்கு பாரு, அது காண்டாமிருக வண்டு. குருத்து விரியறதுக்கு முன்னாடியே துளைச்சுத் தின்னுடும், மட்டை விரியும்போதுதான் நமக்குத் தெரியும். வண்டைத் தேடி மரம் ஏறுறதைவிட அது பொறக்குற இடத்துக்குப் போறது சுலபம். அது நம்ம குப்பைக்குழிதான். மக்கின சாணியை மம்பட்டியால மெதுவாப் புரட்டு. வெள்ளை வெளேர்னு, பழுப்புத் தலையோட, சுருண்டு படுத்திருக்கும் புழு. நல்லா முத்தினது பெரியவங்க கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கும். உன் மக முதல்ல கத்துவா, கொஞ்ச நேரத்துல நீ போதும்னாலும் வரமாட்டா. பொறுக்கிக் கோழிக்குப் போட்டா அன்னைக்குக் கோழிக்குத்தான் தீபாவளி. மக்கின தென்னை மரத்துண்டு கிடந்தா அதையும் பிளந்து பாருங்க. அப்புறம் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டின மூணு மட்டை இடுக்குல வைக்கணும். கன்றுகளுக்கு நின்னபடியே வச்சிடலாம். பெரிய மரத்துக்கு ஏறுற ஆள் வரட்டும், நீ ஏறாத.

காய்க்கிற மரத்துக்கு உரம் இப்ப வேண்டாம். அடிக்கிற மழையில கரைஞ்சு ஓடிடும். வருஷத்துக்கு மரம் ஒண்ணுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோன்னு வேளாண் பல்கலைக்கழகத்துல சொல்ற கணக்கு. அதுல பாதி ஆனி, ஆடி வாக்குல, பாதி மார்கழி, தையில. மார்கழிக்கு நான் பார்த்துக்கிறேன். நீ செய்ய வேண்டியது வட்டப்பாத்தி மட்டும். தூர்லேர்ந்து ஆறடி தள்ளி வட்டம் போட்டு, ஓரம் கட்டிவிட்டா மழைத்தண்ணி வேருக்கு நிக்கும்.

வாழைக்குத் தண்ணி நிக்கவே கூடாது, அது நேர் எதிர். ரெண்டு நாள் தேங்கினாலே வேர் அழுக ஆரம்பிச்சிடும். கீழ்க்கோடி வரப்புல மடை வெட்டிவிடு. தார் போட்ட மரத்துக்கு முட்டு கொடுக்கணும், ஈரமண்ணுல காத்தடிச்சா தாரோட பாரத்துக்கே சாய்ஞ்சிடும். ஒரு கம்பு நட்டுக் கட்டிட்டா போதும்னு நினைப்ப, அது பத்தாது. ரெண்டு சவுக்குக் கம்பை மேல குறுக்கா ஒண்ணோட ஒண்ணு கட்டி, தார் தொங்குற பக்கம் கழுத்துக்குக் கீழ கொடுத்து, அடியை அகட்டி ஊணணும். கம்பு தண்டுல உரசுற இடத்துல சருகைச் சுருட்டி வை. காயில படாம பார்த்துக்கோ, கீறல் விழுந்த தாருக்கு வியாபாரி விலையைக் குறைச்சிடுவாரு.

கிளுவை வேலியில இடைவெளி விழுந்திருக்கு. போத்து வெட்டிப் போட்டிருக்கேன். நாலடிப் போத்துல ஒரு அடி மண்ணுக்குள்ள போகணும். கடப்பாரையால குழி போட்டுட்டு நடு, கம்பையே அடிச்சு இறக்காத, பட்டை உரிஞ்சா துளிர்க்காது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். அடுக்கி வச்ச ஓடு, தென்னமட்டைக் குவியல், விறகு, எதையும் வெறுங்கையால தூக்காத. மழைக்கு ஒதுங்கின பாம்பு அங்கதான் இருக்கும். முதல்ல கம்பால தட்டு, அப்புறம் புரட்டு. செருப்பு வேண்டாம், ஷூ போடு. கடிச்சுட்டா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. கடிபட்ட ஆளை நடக்கவிடாம 108-ஐக் கூப்பிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி.

மேகமலை போகாம உன் பிள்ளைங்க விடமாட்டாங்க. தீபாவளிக்கு மறுநாள் போகாத, ஊரே அங்கதான் இருக்கும். ஒரு வார நாளாப் பார்த்து விடிகாலையில கிளம்பு. தென்பழனி செக்போஸ்ட் தாண்டினா 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் சங்க இலக்கியத்துல வர்ற ஒரு பூ பேரு. பிள்ளைங்களைப் பேரைப் படிச்சுக்கிட்டே வரச் சொல்லு, வாந்தி நினைப்பு வராது. வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும். பெட்ரோலை ஊர்லயே நிரப்பிக்கோ. ஹைவேவிஸ் அணையையும் மணலாறையும் பார்த்துட்டு, முடிஞ்சா மகாராஜா மெட்டு. மதியத்துக்கு மேல மூட்டம் இறங்கினா எதிர்ல வர்ற வண்டி தெரியாது, அதுக்குள்ள இறங்கிடு. தேயிலைக்குள்ள இறங்கிப் போட்டோ எடுத்தா அட்டை ஏறும். இழுத்துப் பிடுங்காத, உப்பு வை, தானா விழும்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் வனத்துறையில விசாரிச்சுக்கோ. 2021-லேர்ந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். யானை நடமாட்டம், மண்சரிவுன்னா உடனே அடைச்சிடுவாங்க. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுல ஓடினப்ப மேகமலைக்கும் ஆளை விடல. சுருளி அருவியும் இப்படித்தான், வெள்ளம்னா குளிக்க விடமாட்டாங்க. அடைச்சிட்டாங்கன்னா வாக்குவாதம் பண்ணாம லோயர் கேம்ப்ல பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் காட்டிட்டு வா. 1895-ல அவர் கட்டின பெரியாறு அணைத் தண்ணியிலதான் நம்ம வயலும் வாழையும் நிக்குதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியட்டும். ஆத்துல மட்டும் இறக்காத. இங்க வெயில் அடிச்சாலும் மேல பெஞ்ச மழைக்கு முல்லைப் பெரியாறு செந்நிறமா ஏறிடும். 2025 தீபாவளிக்கு முன்னாடி அதுல எப்படி வெள்ளம் வந்துச்சுன்னு போன்லயே சொன்னேன்ல.

வரும்போது பழைய பேன்ட் ரெண்டு, ஆளுக்கொரு மழைக்கோட்டு, ஒரு நல்ல டார்ச் லைட் எடுத்துக்கோ. ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், அம்மா அதிரச மாவு போட்டாச்சு. ஏணி பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். அவங்க வீட்டு ஓடும் மாத்த வேண்டியிருக்காம், மூணே நாள்ல திருப்பிக் கேட்டிருக்காங்க. அதனாலதான் முதல் வேலையா ஓடுன்னு சொன்னேன்.