பல்லைப் பற்றும் புரதம்

தில்லித் தெருவோரங்களில் வேப்பங்குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி விற்போரைக் காணலாம். இந்தியில் அக்குச்சியைத் 'தாத்தூன்' என்பர். தமிழகச் சிற்றூர்களிலும் வேப்பங்குச்சியால் பல் துலக்கும் வழக்கம் உண்டு. வாயை நீரால் கொப்பளித்தால் போதாதா? தேய்ப்பது எதற்கு?

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் எனாமலின்மீது மெல்லிய படலமாகப் படிகின்றன. இப்படலம் பல்லுக்குக் காப்பு. ஆயினும் பாக்டீரியாக்களுக்கு அதுவே வாயிற்படி. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் பல, தம் மேற்புறத்தில் ஒட்டுப்புரதங்களைக் கொண்டுள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல அவை படலத்தின் புரதங்களோடு பொருந்திப் பற்றிக்கொள்கின்றன. முதலில் பற்றியவற்றின்மேல் வேறு சில வந்து பற்றுகின்றன. நாம் உமிழ்நீரை விழுங்கும்போது அவை அடித்துச் செல்லப்படாமல் நிலைப்பது இதனாலேயே.

இவற்றுள் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' பொல்லாதது. 1924ஆம் ஆண்டு கிளார்க் என்னும் அறிஞர் சொத்தைப் பற்களிலிருந்து இதனைப் பிரித்தறிந்தார். வடிவம் மாறித் தோன்றியதால் இப்பெயரை இட்டார். இதற்குச் சர்க்கரை உணவு மட்டுமன்று. பசைக்கு மூலப்பொருளும் ஆகும். நாம் உண்ணும் ஜிலேபியின் சர்க்கரையிலிருந்து நீரில் கரையாத பசையை இது உண்டாக்குகிறது. அப்பசையில் பதிந்தபடியே அமிலத்தை வெளியிடுகிறது. அமிலம் எனாமலிலுள்ள கால்சியத்தைக் கரைக்கிறது. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும், எலும்பைப்போல அது மீண்டும் வளர்வதில்லை.

இத்தகைய பிடியை விடுவிக்கக் கொப்பளிக்கும் நீருக்கு வலிமை போதாது. நுனியை மென்று நாராக்கிய குச்சியோ தூரிகையோ உராயும்போதுதான் அது தளர்கிறது.

அருஞ்சொற்பொருள்: எனாமல் – பல்லின் வெண்ணிற மேலுறை, படலம் – மெல்லிய போர்வை.

விடை எழுதுக: உமிழ்நீர்ப் படலத்தைக் காப்பு என்றும் வாயிற்படி என்றும் பாடம் கூறுவது ஏன்?