சுண்டெலி, பூனை, குரங்கு: பார்வைப் பாதையை ஒப்பிடும் முறை

பாலூட்டிகளின் பார்வைப் பாதை ஒரே வரிசையில் செல்கிறது. விழித்திரையின் கேங்லியான் செல்களிலிருந்து புறப்படும் இழைகள் பார்வை நரம்பாகத் திரண்டு, இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் கயாஸ்மாவைக் கடந்து, தாலமஸில் உள்ள எல்.ஜி.என். உட்கருவை அடைகின்றன. அங்கிருந்து செய்தி பெருமூளைப் புறணியின் வி1 பகுதிக்குப் போகிறது. நடுமூளையின் மேல் கொலிகுலஸுக்கும் இழைகள் செல்கின்றன. ஒப்பிட முனைபவர் முதலில் இந்த இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

அடுத்தது விலங்குத் தேர்வு. வளர்ந்த விலங்காகவும், கண்ணில் நிறமி உள்ளதாகவும் இருப்பது அவசியம். அல்பினோ எலிகளிலும் சயாமியப் பூனைகளிலும், கயாஸ்மாவில் குறுக்கே போகாமல் அதே பக்கம் செல்ல வேண்டிய இழைகளில் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அத்தகைய விலங்கை வைத்து இனத்தையே மதிப்பிட்டால் முடிவு பிழையாகும். வயதும் அவ்வாறே: சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது அதன் எல்.ஜி.என்.-இல் இரு கண்களின் இழைகளும் கலந்திருக்கின்றன. மக்காக் குரங்கில் அவை பிறப்பதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன.

புதிதாக ஒரு விலங்கைப் பயன்படுத்தும் முன், சேமிப்பிலுள்ள திசுச் சீவல்களும் ஆலன் நிறுவனத்தின் இலவச சுண்டெலி மூளை அட்லஸும் போதுமா என்று பார்ப்பது ஆய்வாளரின் கடமை. போதாதபோதுதான் சாயத் தடமறிதல். காலரா நச்சின் பி துணையலகை ஒரு கண்ணில் சிவப்பாகவும் மறு கண்ணில் பச்சையாகவும் செலுத்தி, சில நாள் கழித்து மூளையைச் சீவிப் பார்க்கிறார்கள்.

கயாஸ்மாவில் எதிர்ப்பக்கம் கடக்கும் இழைகள் சுண்டெலியில் ஏறத்தாழ 95 சதவீதம், பூனையில் மூன்றில் இரண்டு பங்கு அளவு, மக்காக்கில் பாதிக்குச் சற்றே கூடுதல். கண்கள் முன்னோக்கி அமைந்து இரண்டின் பார்வைப் புலமும் மேற்பொருந்தும் அளவோடு இதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்.ஜி.என். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். செல் உடல்களுக்கு நிறமேற்றும் நிஸ்ல் சாயத்தில் மக்காக்கின் ஆறு அடுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரியும்: கீழே பெருஞ்செல் அடுக்குகள் இரண்டு, மேலே சிறுசெல் அடுக்குகள் நான்கு. 1, 4, 6 எதிர்ப்பக்கக் கண்ணுக்கு. 2, 3, 5 அதே பக்கக் கண்ணுக்கு. பூனையில் ஏ, ஏ1 என்ற முதன்மை அடுக்குகளும் அவற்றின் கீழே சி அடுக்குகளும் உண்டு. சுண்டெலியிலோ அதே நிஸ்ல் சாயத்தில் அடுக்கு எதுவும் தெரியாது. ஆனால் இருநிறத் தடமறிதலில், அதே பக்கக் கண்ணின் இழைகள் ஒரு சிறு திட்டாகத் தனித்து நிற்க, மறுகண்ணின் நிறம் அதைச் சூழ்ந்திருக்கும். ஆகவே எல்லா விலங்குகளுக்கும் இரு முறைகளையும் பயன்படுத்தாமல் ‘பிரிவே இல்லை’ என்று எழுதக் கூடாது.

எண்ணிக்கையை விகிதமாகவே குறிக்க வேண்டும். சுண்டெலியின் கேங்லியான் செல்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவை கொலிகுலஸுக்கு இழை அனுப்புகின்றன. மக்காக்கில் சுமார் 10 சதவீதமே.

கடைசியாக வம்சாவளி. பூனை, மக்காக் இரண்டின் வி1-இலும் ஒரே சாய்வுள்ள கோட்டுக்குத் துலங்கும் நரம்பணுக்கள் தூண்களாக அமைந்திருப்பதை நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் காட்டினர். 1981-இல் நோபல் பரிசும் பெற்றனர். சுண்டெலியில் அவை சிதறிக் கிடக்கின்றன. ஆனால் வம்சாவளியில் மக்காக்குக்கு நெருங்கிய உறவு சுண்டெலிதான், பூனை அல்ல. சிறிய மூளையும் மங்கலான பார்வையுமே சிதறலுக்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது: கூர்மையான பார்வையும் பெரிய வி1-உம் கொண்ட சாம்பல் அணிலிலும் தூண்கள் இல்லை. அணிலைச் சேர்க்காமல் சுண்டெலியையும் குரங்கையும் மட்டும் அருகருகே வைக்கும் அட்டவணை அரைகுறையானதே.