இளவட்டக்கல்

அர்ச்சுனா ஆற்று நீரைத் தேக்கும் ஆனைக்குட்டம் விருதுநகர் மாவட்டத்து ஊர். பட்டாசுத் தொழில் பரவிய இவ்வட்டாரத்தில், நாள் முழுதும் அமர்ந்து திரி செருகுவோர் பலர். அவர்தம் கைகள் ஓய்வதில்லை, கால்களுக்கோ வேலையில்லை. உடற்பயிற்சிக் கூடத்திற்குப் பணம் செலுத்த நாள்கூலி இடம் தருவதுமில்லை.

ஆயினும், செலவில்லாப் பயிற்சி தென்மாவட்டங்களுக்குப் புதிதன்று. ஊர்ப்பொதுவில் கிடந்த இளவட்டக்கல்லே அக்கால இளைஞரின் பயிற்சிக் கருவி. உருண்டு வழவழப்பான அக்கல்லில் பிடிமானம் இராது. குந்தி அமர்ந்து, இரு கைகளால் அணைத்து, முழங்காலுக்கும் மார்புக்கும் தோளுக்கும் படிப்படியாக ஏற்றிப் பின்புறம் எறிவர். கால், முதுகு, தோள் ஆகியன ஒருங்கே உழைத்தாலன்றிக் கல் எழாது. பழகாமல் தூக்கினால் முதுகு நோகும்; எனவே, சிறு எடையிலிருந்து தொடங்குவதே முறை.

5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விரைநடைக்கும் தண்டாலுக்கும் சடுகுடுவுக்கும் கட்டணமில்லை. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் பயிற்சிக் கருவியே. தேவைப்படுபவை நாள்தோறும் ஒரு மணி நேரமும், ஆடுவதற்கு ஒரு திடலும் ஆகும். உழைக்கும் குடும்பங்களுக்கு அந்நேரம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆதலின், வாய்த்த நேரத்தை வீணாக்காமையும் ஊர்த்திடலை ஆக்கிரமிப்பின்றிக் காத்தலும் இளையோர் கடமைகளாகும்.