தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கடிதம்

படவேடு

அன்புள்ள தம்பி,

தரங்கம்பாடி பற்றிய உன் கட்டுரையை நேற்று ஒருமுறையும் இன்று காலை ஒருமுறையும் படித்தேன். 1706-இல் அங்கே கரையிறங்கிய பாதிரியார் சீகன்பால்கு யார், டென்மார்க் ராஜா அவரை ஏன் அனுப்பினார் என்பதெல்லாம் நாம் பேசித் தீர்த்தவை. நேரே குறைக்கு வருகிறேன்.

‘இருளில் கிடந்த தமிழகத்துக்கு லூத்தரின் ஒளி கப்பலேறி வந்தது’ என்று தொடங்கியிருக்கிறாய். படித்ததும் சுருக்கென்றது. எங்கே இருந்தது இருள்? கரையிறங்கி இரண்டே ஆண்டில், 1708-இல், தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு அவரே அட்டவணை போட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் அவர். சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இருந்தது, தம்பி. டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் அவருக்கு எவ்வளவு பெரிய துணை! அவர் பெயர் உன் கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை. சீகன்பால்கின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு 1714 முதல் ஹாலே நகரத்தில் அச்சேறின. அவற்றில் நம்மவர்கள் தங்கள் சமயத்துக்காக வாதாடுகிறார்கள், திருப்பிக் கேள்வியும் கேட்கிறார்கள். இதை விட்டுவிட்டுக் கொலம்பஸுக்கும் மைக்கேல் ஆஞ்சலோவுக்கும் ஒன்றரைப் பக்கம் எதற்கு?

அடுத்தது அச்சு. ‘1712-இல் அச்சகம் நிறுவப்பட்டது’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. லண்டனிலிருந்து அந்த அச்சு எந்திரத்தை ஏற்றிவந்த கப்பலை பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். மீண்டு வரும் வழியில் கூட வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க் இறந்துபோனார். எந்திரம் வந்தது, ஓட்ட ஆள் இல்லை. கம்பெனிச் சிப்பாய்களுக்குள் அச்சுவேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். மறு ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியவை. அதைவிடச் சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள்.

எழுத்து பெரிதானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாலிபத்தில் ஆரணியில் ஒரு அச்சகத்தில் கம்போஸிங் வேலை பார்த்தேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை குவியும். ‘ஸ்ரீ’ எழுத்து தீர்ந்துபோய், அச்சில் ஓடி முடித்த பக்கத்தைப் பிரித்தெடுத்து மறுபடி கோப்போம். இரவு சாப்பிட உட்கார்ந்தால் விரல் நுனியில் ஈயக் கறுப்பு இருக்கும். ஒரு பாயிண்ட் கூடினாலும் பக்கம் கூடும், முதலாளி முகம் மாறும். 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை நினைத்தால், முதலில் அதைக் கோத்த கைகள்தான் என் கண்ணில் படுகின்றன. இன்றைக்கும் சரித்திரம் எழுதுகிறவர்கள் பலர் ஈயத்தையும் காகிதத்தையும் கூலியையும் கேட்பதில்லை. நீ கேட்க வேண்டும். ஜரிகை விலை ஏறினால் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவன் நீ.

அதனால்தான் உன் மூன்றாம் பத்தியைப் படித்து அசந்துபோனேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் இடம் கேட்டது மிளகுக்கும் துணிக்கும், பாதிரிமார் வந்தது 86 ஆண்டு கழித்து அதே கடல்வழியில் என்று எழுதினாயே, அது தங்கம். பாவு எது, ஊடை எது என்று தெரிந்தவன் எழுதிய பத்தி. என் வீட்டுக்காரிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பெரிய பேராசிரியர்கள் எழுதியும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. கட்டுரையை அங்கேயே தொடங்கு.

இன்னொன்றும் சேர். 1713-இல் சீகன்பால்கு நம் தெய்வங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் ஐயனார், மாரியம்மன், அங்காளம்மனோடு எல்லம்மனும் இருக்கிறாள். நம் படவேட்டு ரேணுகாம்பாளைத்தான் ஊர் ஊராக அந்தப் பெயரில் கும்பிடுகிறார்கள். அவளை மறுக்க வந்தவர், கிராமத்து ஜனம் அவளை எப்படிக் கும்பிடுகிறது என்று உட்கார்ந்து எழுதினார். அந்த நூல் அச்சானது 1867-இல், சென்னையில். சீர்திருத்தம் பேசியவர்கள் 154 ஆண்டு அதை ஏன் கிடப்பில் போட்டார்கள் என்று ஒரு பக்கமாவது எழுது.

திருத்தியதைக் காகிதத்தில் எடுத்து வா, செல்போனில் படிக்க எனக்குக் கண் ஆகாது. ஆடி வெள்ளியில் இங்கே கோயில் கூட்டம் தாங்காது. செவ்வாய், புதனில் வந்தால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்