மறையெழுத்தும் பெண்பால் விகுதியும்

நன்னூலார் தகுதிவழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துவர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்குதல் குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. ஒரு கூட்டத்தார் தம்முள் மட்டும் பொருள் விளங்கும்படி சொல்லை மாற்றிக்கொள்வது இது. சொல்லை மாற்றாது, அதற்கு உறுப்பாகிய எழுத்தையே வேறு குறியாக மாற்றி எழுதுவது மறையெழுத்து. பதினாறாம் நூற்றாண்டில் மேனாட்டு அரசர்களும் அவர்தம் தூதுவர்களும் இவ்விரண்டையும் கலந்தே தம் அந்தரங்கக் கடிதங்களை வரைந்தனர். அங்ஙனம் வரையப்பெற்ற ஒரு தொகுதிக் கடிதங்கள், எழுதினவர் இன்னாரென்று அறியப்படாமல் பாரிஸ் நகரத்துத் தேசிய நூல்நிலையத்தில் நெடுங்காலம் கிடந்தன. அவற்றின் பொருள் 2023-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியாயிற்று. அவ்வரலாற்றை நம் மாணவ அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வார்க்கு இதில் தனியாக ஒரு சுவை உண்டு. எழுதினவரைக் காட்டிக்கொடுத்த சான்றுகளுள் தலையாயது இலக்கணமே என்பது அது.

அந்நூல்நிலையத்தின் அட்டவணை, இக்கடிதங்கள் பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சார்ந்தவை என்றும், இத்தாலி நாட்டுக் காரியங்களைப் பற்றியவை என்றும் குறித்திருந்தது. ஏடுகள் முழுதும் விளங்காத குறிகளாலேயே நிறைந்திருந்தமையின், அட்டவணை எழுதினவரைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் தவறான தலைப்பு ஒரு நூலுக்குப் பூட்டுப் போன்றது. இத்தாலிய வரலாறு ஆராய்வார் அக்குறிகளைக் கண்டு கைவிட்டிருப்பர். ஸ்காட்லாந்து வரலாறு ஆராய்வாரோ அந்தப் பக்கமே சென்றிரார். நம் நாட்டு ஏட்டுச் சுவடிகளிலும், மேற்கட்டையில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு நூலும் இருத்தல் ஏடு தேடுவார் அறியாததன்று.

இக்கடிதங்களை எடுத்து ஆராய்ந்தவர் மூவர். ஜியார்ஜ் லாஸ்ரி என்பார் கணிப்பொறி அறிஞர்; நார்பர்ட் பியர்மன் என்பார் பியானோ வாசிக்கும் இசைப் பேராசிரியர்; சதோஷி டொமோகியோ என்பார் ஜப்பான் நாட்டுப் பௌதிக அறிஞர். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரும் இம்மூவருள் இலர் என்பது கருதத்தக்கது.

மறையெழுத்தைத் திறக்கும் வழி மிகப் பழையது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அருகியும் வரும். ஓர் எழுத்துக்கு ஒரு குறியே வைத்து எழுதினால், மிகுதியாய் வரும் குறியை எண்ணியே அதன் எழுத்தைக் கண்டுகொள்ளலாம். இந்நெறியை அராபிய அறிஞர் அல்-கிந்தி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இதனை அறிந்த அரசவைச் செயலாளர்கள், மிகுதியாக வரும் எழுத்துக்குப் பல குறிகளை வகுத்து, அவற்றை மாற்றி மாற்றி எழுதலாயினர். அப்பொழுது எந்தக் குறியும் மிகுந்து தோன்றாது. எண்ணிக்கை பயன்படாது ஒழியும். இதன்மேல் ஆட்பெயர், ஊர்ப்பெயர், திங்களின் பெயர் முதலியவற்றுக்கு முழுச் சொல்லாகவே நிற்கும் தனிக் குறிகளும் உண்டு. இவை நம் குழூஉக்குறியின் இனத்தைச் சேர்ந்தவை. புள்ளியில்லாமலும் எகர ஏகார வேறுபாடில்லாமலும் எழுதிய ஓலையைப் படிக்க முயன்றவர், இத்தகைய ஏட்டைப் படிப்பது எத்துணைக் கடினம் என்பதில் பத்தில் ஒரு பங்கை உணர்வர். ஓலையிலேனும் மொழி இன்னதென்பது தெரியுமன்றோ!

மூவரும் முதற்கண் குறிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கணிப்பொறியிற் பதிவுசெய்தனர். பின்பு கணிப்பொறி செய்த வேலையை ஓர் உவமையாற் கூறலாம். மூடுபனியில் மலையேறுவான் ஒருவனுக்கு உச்சி தெரியாது. காலடி நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டும் தெரியும். ஏறினால் அவ்வடியை ஊன்றுவான். இறங்கினால் பின்வாங்கி வேறு பக்கம் அடி வைப்பான். அதுபோலக் கணிப்பொறி, இக்குறிக்கு இவ்வெழுத்து என்று மனம்போனபடி ஒரு திறவுகோலை முதலில் அமைத்துக்கொள்ளும். அதில் ஒன்றிரண்டை மாற்றிப் பார்த்து, வெளிவரும் எழுத்துத் தொடர் ஒரு மொழியின் நடையை முன்னையினும் சிறிது ஒத்திருந்தால் அம்மாற்றத்தைக் கைக்கொள்ளும், இல்லையேல் தள்ளும். இங்ஙனம் பல்லாயிரம் முறை செய்யும். பிரெஞ்சு மொழி எனக் கொண்டு ஆராய்ந்தபொழுது சொற்கள் தலைகாட்டின. ஆனால் பொறி தந்தது அரைகுறைத் துணுக்குகளே. எஞ்சிய குறிகளின் பொருளையும், தனிச் சொற்குறிகளின் பொருளையும் இடமறிந்து, முன்பின் நோக்கி, மனிதர் மூவரே உட்கார்ந்து நிரப்பினர்.

கடிதம் பிரெஞ்சு என்றவுடனே இத்தாலி என்ற தலைப்பு ஆட்டங்கண்டது. இனி, எழுதினவர் யாவர்? கையெழுத்தை ஒப்பிட்டுக் காண்பது இங்கே பயன்படாது. பெரியோரின் சொற்களைக் குறிகளாக மாற்றி எழுதுவது செயலாளரின் வேலை. ஆகவே மொழியினுள்ளேதான் ஆளைத் தேட வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் ஒருவர் தம்மைப் பற்றிப் பேசும்பொழுது, வினையொடு வரும் எச்சச் சொல்லும் பெயருக்கு அடையாகிய சொல்லும் பல இடங்களில் பால் காட்டும். பெண்பாலாயின் இறுதியில் 'எ' என்னத்தக்க ஓர் உயிரெழுத்து மிகும். இக்காலப் பேச்சில் அது பெரும்பாலும் காதிற் கேளாது. எழுத்திலோ நின்றே தீரும். செயலாளர் அதனையும் பிழையாமற் குறியாக மாற்றி வைத்தார். நானூற்று நாற்பது ஆண்டுகளின் பின்னர் அச்சிற்றெழுத்து வாய் திறந்து, 'எழுதுகிறவர் ஒரு பெண்' என்று கூறிற்று.

தமிழிலோ தன்மை வினைமுற்று ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. 'நான் துயருற்றேன்' என்பதைக் கொண்டு கூறியவர் ஆணோ பெண்ணோ என உணர முடியாது. இக்கடிதங்கள் தமிழில் எழுதப்பட்டிருப்பின், 'சிறைப்பட்டவளாகிய யான்' என்பது போன்ற ஒரு வினையாலணையும் பெயர் வரும் வரையில் எழுதினவர் மறைந்தே இருந்திருப்பார். தமிழின் இவ்வியல்பை நாம் நூற்பாவாகப் படித்துத் தேர்வில் எழுதி மறந்துவிடுகிறோம். ஒரு மொழியின் விகுதி வரலாற்றுச் சான்றாகவும் நிற்கும் என்பதை இந்நிகழ்ச்சியிலேதான் அடியேன் கண்டேன்.

பெண்பால் ஒன்றே போதுமோ எனின், போதாது. 'என் விடுதலை' என்றும், 'என் மகன்' என்றும் சொற்கள் வந்தன. காவலில் இருப்பதைப் பற்றிய முறையீடுகள் வந்தன. வால்சிங்காம் என்ற பெயரும் வெளிப்பட்டது. பிரான்சிஸ் வால்சிங்காம் இங்கிலாந்து அரசி எலிசபெத்துக்கு 1573 முதல் அமைச்சராகவும் ஒற்றர்களுக்குத் தலைவராகவும் விளங்கியவர். அவர் பெயர் அக்காலத்துக் கடிதங்கள் பலவற்றில் வரக்கூடியதே. அது காலத்தை வரையறுக்குமேயன்றி ஆளை வரையறுக்காது. ஆனால் அவர் காலத்தில் காவலில் இருந்தவளும், ஒரு மகனை உடையவளும், பிரெஞ்சு மொழியில் எழுதுகிறவளும் ஆகிய பெண் யார் என்று வினவினால், ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டை அன்றி வேறொருவரைக் காண்பது அரிது.

மேரி 1542-இல் பிறந்து, ஆறு நாட் குழந்தையாய் இருக்கும்பொழுதே அரசியானவள். பிரான்சு நாட்டில் வளர்ந்து, பின்னர் அந்நாட்டு அரசனான இளவரசனை மணந்தவள். 1567-இல் ஸ்காட்லாந்து அரியணையை இழந்து, மறு ஆண்டு அடைக்கலம் நாடி இங்கிலாந்து சென்றாள். அங்கே பத்தொன்பது ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டாள். அவள் மகன் ஜேம்ஸ் என்பவனே பின்னாளில் இங்கிலாந்துக்கும் அரசனாகி, 1611-இல் வெளியான ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்புக்கு ஆணையிட்டவன்.

ஊகம் எத்துணை அழகியதாயினும் ஊகமே. அதனை உறுதிசெய்த சான்று பகைவர் வீட்டிலிருந்து கிடைத்தது. இலண்டனில் 1575 முதல் 1585 வரை பிரெஞ்சுத் தூதராயிருந்த காஸ்டெல்நோ என்பவருக்கே இக்கடிதங்களுள் மிகப்பல எழுதப்பட்டிருந்தன. அவருடைய தூதரகத்தினுள் வால்சிங்காமின் ஒற்றர் புகுந்து, சில கடிதங்களின் வெளிப்படையான பிரதிகளை எடுத்துக் கொடுத்திருந்தனர். அப்பிரதிகள் இங்கிலாந்தின் ஆவணச் சாலைகளில் இருந்தன. குறிகளிலிருந்து மீட்ட வாசகமும் அப்பிரதிகளின் வாசகமும் ஒத்துநின்றன. மேரியைக் காட்டிக்கொடுத்தவர்களின் வேலை, அவள் பெயரை அவளுக்கே மீட்டுத் தந்தது!

மொத்தம் 57 கடிதங்கள். 1578 முதல் 1584 வரை எழுதப்பட்டவை. ஏறத்தாழ 50,000 சொற்கள். அவற்றுள் ஐம்பது அளவில் வரலாற்றறிஞர் முன்னர்க் கண்டிராதவை. தன் விடுதலைக்காக எலிசபெத்துடன் நடந்த பேச்சு நேர்மையானதன்று என்ற ஐயம், வால்சிங்காமின்மேலும் லெஸ்டர் பிரபுவின்மேலும் உள்ள வெறுப்பு, உடல்நலக் குறைவு, காவலின் கடுமை ஆகியவை அவற்றுள் நிறைந்திருக்கின்றன. பிறர் பக்கத்து ஒற்றரைத் தன் பக்கம் இழுக்க அவள் செய்த முயற்சிகளும் உள. அவளைக் குற்றமற்ற ஆட்டுக்குட்டியாகக் காட்டும் கதைகளுக்கு இவை இடந்தரா. ஆயினும் 1582 ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் சிலர் அவள் மகனைக் கைப்பற்றிக் காவலில் வைத்த செய்தி கேட்டு எழுதிய பகுதிகளில், தந்திரம் ஒழிந்து தாயே பேசுகிறாள். பிரான்சு நாடு தங்களைக் கைவிட்டதென்று வருந்துகிறாள்.

காஸ்டெல்நோவுக்கு எழுதிய இக்கடிதங்களின் மறையெழுத்து மிக உறுதியானது. 1586-இல் பாபிங்டன் என்பானுக்கு எழுதியபொழுது கையாண்டது அத்துணை உறுதியுடையதன்று. வால்சிங்காமின் கீழிருந்த தாமஸ் ஃபெலிப்ஸ் அதனைத் திறந்து படித்துவிட்டார். எலிசபெத்தைக் கொல்லும் சூழ்ச்சிக்கு உடன்பட்டாள் என்ற குற்றம் அக்கடிதத்தால் நாட்டப்பட்டு, 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் ஃபாதரிங்கே கோட்டையில் மேரி தலை துணிக்கப்பட்டாள். அன்று விடியுமுன் அவள் தன் முதற்கணவனின் தம்பியாகிய பிரெஞ்சு அரசனுக்குக் கடைசிக் கடிதம் எழுதினாள். தன் பணியாளருக்குச் சேரவேண்டிய ஊதியத்தைக் கொடுத்துதவ வேண்டும் என்பது அதில் அவள் கேட்டவற்றுள் ஒன்று. அக்கடிதம் ஸ்காட்லாந்து தேசிய நூல்நிலையத்தில் உள்ளது. மறைப்பு ஒன்றுமின்றித் தெளிவான பிரெஞ்சில், அவள் தன் கையாலேயே எழுதியது அது.