கைவிடுதலும் விட்டுவைத்தலும்

காணி ஒன்று ஒருவருக்கு உரித்தாயிருக்கின்றது. அவர் அதில் உழுவதில்லை, வீடு கட்டுவதுமில்லை. மரமுஞ் செடியுங் கொடியுந் தத்தம் போக்கில் வளர்ந்து நிற்கின்றன. அக்காணியைத் தீண்டாது விடுதல் நன்றோ? கத்தியும் மண்வெட்டியுங் கொண்டு உட்புகுந்து பேணுதல் நன்றோ? இவ்வினா இன்று உலகின் பல நாடுகளில் ஆராயப்படுகின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்தம் முதுசக் காணிகள் ஊரிலே பற்றை மண்டிக் கிடக்கின்றன. ஆகலின் விழா மலரில் இப்பொருளை எடுத்துக்கொள்ளுதல் பொருத்தமேயாம்.

ஆராயப் புகுமுன் சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். ‘விடு’ என்னும் அடியிற் பிறந்த இரு வினைகள் நம் வழக்கில் உள. ‘கைவிடுதல்’ என்பது பொறுப்பைத் துறத்தல். ‘விட்டுவைத்தல்’ என்பது ஒன்றன் பயனறிந்து, வேண்டுமென்றே அதனை எடாது வைத்தல். தோட்டக்காரர் நல்ல காயொன்றை விதைக்கென்று கொடியில் விட்டுவைப்பர். நோயுற்றவரைத் துணையின்றி விட்டு நீங்குதலைக் கைவிடுதல் என்போம். புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் கை அசைவதில்லை. ஆயினும் ஒன்றிற் கண் விழித்திருக்கின்றது, மற்றையதில் மூடியிருக்கின்றது. காட்டுநிலத்தைத் தீண்டுவதா, தீண்டாதிருப்பதா என்பது இரண்டாம் வினா. அந்நிலத்தைப் பார்த்திருப்பவர் யார் என்பதே முதல் வினா என்பது எம் துணிபு. இதனை மூன்று நிலங்களின் வரலாற்றால் விளக்குவாம்.

கோதுமை வயல் காடாயினமை

இங்கிலாந்திலே றொதாம்ஸ்ரெட் என்னும் பண்ணைக்கு உரியவராயிருந்தவர் சேர் ஜோன் பெனற் லோஸ். அவரும் இரசாயன அறிஞர் ஜோசப் ஹென்றி கில்பேட்டும் 1843 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே பயிராராய்ச்சி நடத்தி வந்தனர். 1882 ஆம் ஆண்டில் புறோட்பால்க் என்னும் கோதுமை வயலின் ஒரு முனையில், ஏறக்குறைய அரை ஏக்கர்ப் பயிரை அறுக்காது வேலியிட்டு விட்டனர். உழவுங் களையெடுப்புமின்றிக் கோதுமை தன்னைத் தானே காத்துக்கொள்ளுமோ என்று காணுதலே நோக்கம். நான்காண்டு கழிந்தபொழுது, தேடிக் காணவேண்டிய சில குறுஞ்செடிகளே எஞ்சின. பின்னர் அவையும் மறைந்தன. பல்லாயிரம் ஆண்டு மனிதர் கையில் வளர்ந்த பயிர் அக்கை நீங்கியதும் களைகளுக்குத் தோற்றது.

பின்னர் அத்துண்டின் ஒரு பாதியை முற்றுந் தீண்டாது விட்டனர். மற்றைப் பாதியில் மரக்கன்றுகளையும் புதர்களையும் மாத்திரம் ஆண்டுதோறும் வெட்டியகற்றினர். தீண்டாத பாதி மரங்கள் ஓங்கிய காடாயிற்று. அதன் அடர்நிழலில் நிழல் பொறுக்குங் கொடியே தரையை மூடிற்று. புதர் வெட்டிய பாதி, புல்லும் பூண்டும் நிறைந்த திறந்த வெளியாகவே நின்றது. 1957 ஆம் ஆண்டில் இவ்வெளியின் ஒரு கூற்றைப் பிரித்து, சில ஆண்டு புல்வெட்டி, பின் செம்மறியாடுகளை மேயவிட்டனர். ஆங்கு மேய்ச்சற் புல்லும் வெண்குளோவருந் தலையெடுத்தன. மண் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. கை பட்ட வகை வேறாதலால் நிலம் மூன்றாயிற்று.

இதனினும் நுட்பமான பாடமொன்று அப்பண்ணையிலேயே உண்டு. கீஸ்குறொவ்ற் என்னும் மற்றொரு வயலின் பகுதியும் 1886 ஆம் ஆண்டு முதல் தீண்டாது விடப்பட்டது. அதுவுங் காடாயிற்று, ஆயினும் புறோட்பால்க் காட்டை ஒத்த காடன்று. புறோட்பால்க் மண்ணில் முன்னை உழவர் இட்ட சுண்ணம் மிகுந்திருந்தது. கீஸ்குறொவ்ற் மண்ணில் அது குறைவு. ஆகலின் கீஸ்குறொவ்ற் நிலம் ஒரு நூற்றாண்டில் மிகப் புளித்துவிட்டது. அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு ஏறக்குறைய 7 இலிருந்து 4.4 வரை இறங்கிற்று. ஓக்கு மரம் அங்கே ஆட்சி செய்ய, அதன்கீழ்த் தரையிற் செடிகள் அருகின. தீண்டாது விட்ட நிலமும் முன்னைக் கையை மறப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும். ‘இயற்கையே பார்த்துக்கொள்ளும்’ என்போர் எந்த இயற்கை என்று கேட்டல் வேண்டும்.

எனினும் தீண்டாமைக் கட்சியாருக்குரிய நீதியை மறுத்தலாகாது. அவ்விரு காடுகளிலும் மண்ணின் சேதனப்பொருள் பெருகிற்று. உழவாற் கெட்ட மண்ணை இலைச்சருகும் வேரும் ஓசையின்றித் திருத்தின. அதற்குச் செலவு ஒரு வேலி மாத்திரமே.

மேய்ச்சல் விலங்கிடம் விட்ட பண்ணை

இரண்டாவது நிலம் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள நெப் பண்ணை. ஏறக்குறைய 3,500 ஏக்கர் பரப்புடைய இத்தனியார் நிலம் கனத்த களிமண்ணாலாயது. உரிமையாளர் சேர் சாள்ஸ் பரெல் அதில் நவீன முறையில் வேளாண்மை செய்து நட்டமே கண்டார். 2000 ஆம் ஆண்டிற் பாற்பசுக்களையும் இயந்திரங்களையும் விற்று, அடுத்த ஆண்டு தொடக்கம் நிலத்தை மெல்ல மெல்ல உழவினின்று நீக்கினார். உள்வேலிகள் அகற்றப்பட்டன. பழைய இன மாடு, காட்டுக்குதிரை, பன்றி, மான் ஆகியன கட்டின்றி உலாவவிடப்பட்டன. முட்புதர் ஏறிற்று, அப்புதர் இளமரங்களுக்கு வேலியாயிற்று. நாடெங்கும் அருகிவந்த காட்டுப்புறாவும் இராப்பாடியும் ஆங்கு வந்து குடியேறின. 2020 ஆம் ஆண்டில் வெண்ணாரைகள் மரத்திற் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தன.

இது தீண்டாமையின் வெற்றி என்று பலர் கூறுவர். ஆழ்ந்து நோக்கின் அவ்வாறன்று. எவ்விலங்கு வேண்டும், எத்தனை வேண்டும் என்று தெரிந்தவர் மனிதர். அந்நாட்டிலே ஓநாய் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டாயின. மேய்வன பெருகி இளங்கன்றனைத்தையுந் தின்றழியாதபடி அவற்றின் தொகையைக் கணித்து, மிகையானவற்றை இறைச்சிக்கு அனுப்புகின்றனர். இயற்கையிற் குறைந்துபோன ஓர் உறுப்பின் தொழிலை மனிதர் ஏற்றுச் செய்கின்றனர் என்க. அயலாரும் முதலில் இதனை விரும்பினாரல்லர். களைவிதை தம் புலத்துட் பறந்து வருமென்றும், தலைமுறையாகத் திருத்திய நிலம் பாழாகின்றதென்றும் முறையிட்டனர். தனியார் காணியும் தனித்து நிற்பதன்று. அதன் விதைக்கு எல்லைக்கல் தெரியாது.

தம்புள்ளைப் பற்றைக்காடு

மூன்றாவது நிலம் நம் நாட்டினது. தேயிலைத் தோட்டத்திற் பணியாற்றிய சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர், 1963 ஆம் ஆண்டிலே தம்புள்ளையில் ஒரு பற்றை நிலத்தைத் தமதாக்கினார். சேனைப் பயிருக்காகக் காடு வெட்டி எரிக்கப்பட்டுப் பின் முட்பற்றை மூடிய நிலம் அது. அதனை மரச்சோலையாக்க அவர் விரும்பினார். முதலிற் பலருஞ் செய்வதையே அவருஞ் செய்தார். நிலத்தை வெளியாக்கிக் கன்றுகளை நட்டார். வறண்ட வலயத்துக் கோடையிற் பெரும்பாலன பட்டுப்போயின.

அப்பொழுது அவர் கண் மற்றொன்றைக் கண்டது. பற்றையை நீக்கிய இடங்களில், நடாத கன்றுகள் தாமே எழுந்து நின்றன. முன்னிருந்த காட்டின் வேரும் விதையும் அம்மண்ணுள் உயிரோடிருந்தன. பறவைகளும் புதியன கொணர்ந்தன. பற்றையின் நெருக்கத்தில் அவை ஓங்க முடியாதிருந்தன. ஆதலின் நடுதலை விட்டு, வளரத்தக்க கன்றுகளைச் சூழ்ந்த முட்பற்றையை மாத்திரம் நீக்கி, மிகுதியை நிலத்தின் பொறுப்பில் விட்டார். மழையையே நம்பி எழுந்த கன்றுகளுக்கு நீர் வார்க்க வேண்டியதில்லை. பற்றை நிலம் நாட்டு மரங்களின் சோலையாயிற்று. பின்னர் அது தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பொறுப்பிற் சேர்ந்து, மாணவர் சென்று கற்கும் இடமாயிற்று.

இந்நிகழ்ச்சியில் இரு கட்சிக்கும் விடையுண்டு. முற்றுந் தீண்டாதிருந்தாற் பற்றை நெடுங்காலம் பற்றையாகவே நின்றிருக்கும். முற்றும் வெட்டி நட்டபோதோ கன்று பட்டது. குறைந்த வேலை, அதுவும் கண்ட பின்னர்ச் செய்த வேலை, பயன் தந்தது.

நம் காணிகள்

இனி நம் ஊர்க் காணிகளை நோக்குவாம். பனங்கூடலை எடுத்துக்கொள்வோம். அது காட்டுநிலம் போலத் தோன்றினும் தலைமுறை தலைமுறையாகக் கை பட்ட நிலம். ஓலை வேலிக்கும் கூரைக்கும் தோட்டத்துப் பசளைக்கும் சென்றது, பழம் பொறுக்கப்பட்டது, கிழங்கு கிண்டப்பட்டது. இத்தொழில்கள் நின்றவிடத்து, விழுந்த கொட்டையெல்லாம் முளைத்து வடலி நெருங்குகின்றது. வெட்டாத காவோலை மரத்தைச் சுற்றித் தொங்குகின்றது. கோடையில் ஒரு தீப்பொறி விழுமாயின், தரையிலெழுந்த நெருப்பு காவோலை வழியே வட்டுவரை ஏறும். ஈண்டுத் தீண்டாமை காப்பன்று.

இதற்கு மறுதலையான கேடும் உண்டு. தூரத்திலிருக்கும் உரிமையாளர் சிலர் ஆண்டுக்கொருமுறை பணம் அனுப்பி, ‘பெக்கோ’ இயந்திரத்தாற் காணி முழுவதையும் வழித்தெடுப்பிக்கின்றனர். எல்லை தெரிகின்றது, படம் பிடித்து அனுப்பலாம். ஆனால் மேல்மண்ணோடு வேப்பங்கன்றும் போகின்றது. மழைநீரைத் தடுத்து நிலத்துள் இறக்கிய சருகும் போகின்றது. நிரந்தர ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணற்று நீர் மண்ணுள் இறங்கும் மழையன்றி வேறன்று. வெறுமையான அத்தரையில் முதலில் வருவது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த இக்களை, கிளறி வெறுமையாக்கிய மண்ணையே பெரிதும் நாடும். ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். தோலரிப்பும் இழுப்பும் உண்டாக்கும். நிழலும் நெருங்கிய புல்லும் உள்ளவிடத்து அது மெலியும். காணியைத் ‘துப்புரவு’ செய்தவரே களைக்குப் பாய் விரித்தவராகின்றார்.

கைவிடுதல் என்னுஞ் சொல்லை எல்லார்மீதுஞ் சாற்றுதலும் தகாது. 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பலர், தம் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபொழுது வீட்டத்திவாரத்தின் மேல் மரம் நிற்கக் கண்டனர். அவர்கள் கைவிட்டாரல்லர், கைவிடச் செய்யப்பட்டார். அம்மரத்தை வெட்டுவதா வைப்பதா என்பதை அவ்வீட்டார் தாமே துணிதல் நியாயம். புறத்திலிருந்து எவருங் கற்பித்தல் பொருந்தாது.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் யாம் கொள்ளும் முறைகள் நான்கு. முதலாண்டில் எதையும் வெட்டாது, மாரியில் ஒருமுறையுங் கோடையில் ஒருமுறையுங் காணியை நடந்து பார்த்து, நிற்பனவற்றை எழுதிவைத்தல் ஒன்று. பார்த்தீனியம் காணின் மாத்திரம் காத்திருத்தலாகாது; பூக்குமுன் கையுறையணிந்து வேரோடு பிடுங்கல் வேண்டும். எழுந்து நிற்கும் நாட்டு மரக்கன்றுகளைச் சுற்றிய நெருக்கத்தை நீக்குதல் இரண்டு. அவை இருக்கப் புதிய கன்று வாங்கி நடவேண்டியதில்லை. மண்ணை வழியாதிருத்தலும், அயலார் எல்லையில் தீத்தடுப்பாக ஓர் ஒடுங்கிய வெளி வைத்தலும் மூன்று. ஒரு மூலையை முற்றுந் தீண்டாது விட்டுவைத்தல் நான்கு. நம் அறிவு சிறிதாதலின், நாம் செய்தது பிழையோ என்று ஒப்பிட்டறிய அம்மூலை வேண்டும்.

தூரத்திலிருப்போர் இவற்றை எங்ஙனஞ் செய்வர் எனின், காணியை எட்டிப் பார்க்கும் உறவினர் அல்லது அயலார் ஒருவரிடம் கணக்கோடு ஒப்படைத்துச் செய்வித்தல் கூடும். ஆண்டுக்கொருமுறை இயந்திரத்துக்குச் செலவாகும் பணம், ஒருவரது சில நாட் கூலிக்கு ஆகாதா? ஒருவரையும் அமர்த்த இயலாதவர், காணியை விற்றலையோ ஊர்ப்பொதுவுக்கு அளித்தலையோ எண்ணிப் பார்த்தல், முப்பதாண்டு பூட்டிவைத்தலினும் நேர்மையானது.

மாணவர்க்கு ஒரு வேலை கூறி அமைவாம். கல்லூரி வளவின் பின்மூலையிற் பத்தடிச் சதுரமாக இரு துண்டுகளை அளந்து கயிறு கட்டுங்கள். ஒன்றைத் தீண்டாதீர்கள். மற்றையதில் முட்செடியையும் வந்தேறிக் களையையும் மாத்திரம் தவணைக்கொருமுறை அகற்றுங்கள். இரண்டிலும் முளைப்பனவற்றின் பெயரையும் எண்ணிக்கையையும் ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிடின் ஊர்ப் பெரியோரைக் கேளுங்கள். அக்கொப்பியை நீங்கள் கல்லூரியை விட்டு நீங்கும்பொழுது அடுத்த வகுப்பாரிடங் கொடுத்துச் செல்லுங்கள். அடுத்த விழா மலருக்கு எழுதப் புகும் ஆசிரியர் றொதாம்ஸ்ரெட்டையும் தம்புள்ளையையும் தேடிச் செல்லாது, நம் வளவின் கணக்கைக் கொண்டே இவ்வினாவை ஆராயட்டும்.