பெற்றோல் குழாயும் பில்டரும்: வாகனம் வைத்திருப்போர் அறிய வேண்டியவை



ராத்திரியில் பிரசவ வலி வந்தால் நமக்கு லயத்து ஆட்டோதான் அம்புலன்ஸ். கோயில் குளத்துக்குப் போவதும் அதே ஆட்டோவில் அல்லது ஒரு பழைய வேனில்தான். ஆகையால் இம்முறை பெற்றோல் குழாயைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம்.

வெருகல் முருகன் திருவிழாவுக்கு ஒருமுறை பழைய பெற்றோல் வேனில் போனோம். பலகடுவ ஏற்றத்திலேயே வேன் இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்றது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடியது. "சூடு ஏறிப் போச்சுங்க சார்" என்றார் டிரைவர் தம்பி. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பயண மயக்கம் என்று எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தோம். கந்தளாய் தாண்டி அல்லை வீதியால் வெருகலை நெருங்கும்போது வேன் ஒரேயடியாக நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் தரையில் பெற்றோல் சொட்டுகிறது. பக்கத்தில் நம்ம பெரியவர் ஒருவர் பீடி பற்ற வைக்கப் போகிறார்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்கு வாந்தி வந்தது அந்த மணத்தால்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஊர் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். வெடித்த குழாயில் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். பங்சர் ஒட்டும் சொலூஷன் என்பது பெற்றோல் போன்ற எண்ணெயில் கரைத்த ரப்பர்தானே? அப்படியிருக்க டியூப் பெற்றோலில் ஊறி எத்தனை நாள் நிற்கும்? தண்ணீர்க் குழாயும் உதவாது, இறுகி வெடித்துவிடும். பெற்றோலுக்கென்று விற்கும் ஹோஸ்தான் வேண்டும். கம்பி கட்டாமல் கிளிப் போட வேண்டும்.

அடுத்து பில்டர். அதைத் தட்டியபோது துருத்தூளும் சேறுமாகக் கொட்டியது. அடைத்த பில்டர் வழியே பெற்றோல் கொஞ்சமாகத்தான் வரும். சமதரையில் அது போதும், ஏற்றத்தில் போதாது. நிறுத்தி வைத்தால் மெதுவாக ஊறி நிரம்பும், திரும்ப ஓடும். ஏற்றத்தில் நின்று நின்று ஓடினால் முதலில் பில்டரைச் சந்தேகப்படுங்கள். டாங்கியை அடிவரை வற்றவிட்டு ஓடினால் அடியிலுள்ள அழுக்கும் கிளம்பி வரும். 2022 தட்டுப்பாட்டில் எத்தனை பேர் அப்படி ஓடினோம்!

கழற்றுவது எப்படி? வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி எஞ்சினை நன்றாக ஆறவிடுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து தூரத்து அடுப்பையும் போய்த் தொடும். லயத்து வாசலில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பெற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, டாங்கி மூடியை ஒருதரம் திறந்து மூடுங்கள். ஆட்டோ என்றால் பெற்றோல் கொக்கையும் மூடுங்கள். சொட்டுவதைத் தகர டப்பாவில் பிடியுங்கள். புது பில்டரில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு கார்புரேட்டரைத் திட்டுகிற தம்பிமார் நிறையப் பேர். முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டாக டோர்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்த்துவிடாதீர்கள்!

இதெல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும், கழற்றினால் முகத்தில் பீச்சும். அதை கராஜில் விடுங்கள். டீசல் வண்டியில் பில்டர் மாற்றினால் கைப்பம்பை அமுக்கிக் காற்றெடுக்காமல் ஸ்டார்ட் ஆகாது.

பாஸ் அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தார். பூசை முடியும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ஒன்று சொல்ல மறந்தேன்: கழற்றும்போது பிடித்த அழுக்குப் பெற்றோலைப் பீலிக்கரையிலோ கானிலோ ஊற்றாதீர்கள். கீழ் லயத்துப் பிள்ளைகள் குளிப்பது அந்தத் தண்ணீரில்தான்.